சோற்றை விட்டு வந்த நாய்

ஹெதெனிய ஊரைத் தாண்டும்போது மழை விட்டிருந்தது. நாய் எனக்கு முன்னால் போகவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை. கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு பின்னால், ரோட்டோரப் புல்லில் வயிற்றைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தால் வேறு பக்கம் பார்த்தது. பஸ் ஒன்று சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனபோது மட்டும் என் காலடிக்கு வந்தது. பஸ் வளைவில் மறைந்ததும் மறுபடி பின்னால் போய்விட்டது.

என் தோளில் ஒரு சாக்கு. அதில் ஒரு சாரமும் கம்பளியும் இருந்தன. கலகெதரப் பக்கத்து ரப்பர் தோட்டப் பங்களாவில் ஒரு வருடத்துக்கு மேல் நாய் பார்த்ததில் மிஞ்சியவை அவைதான். அன்று காலை அந்த நாயை ரப்பர் மரமொன்றில் கட்டிவைக்கச் சொல்லியிருந்தார்கள். காவலுக்கு நிற்கும் வாச்சர் துவக்கோடு வந்து ஒரு வெடியில் மற்றதை முடித்துவிடுவார். நான் கட்டவில்லை. பங்களாத் தொரை காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம் பார்த்து, ரப்பர் சீட்டுக் காயவைக்கும் புகைக்கூடத்துக்குப் பின்னால் இறங்கி, நாயோடு ரோட்டுக்கு வந்துவிட்டேன். யாரும் தேடி வரமாட்டார்கள் என்று தெரியும். வேண்டாம் என்று தீர்த்துவிட்ட நாய் அது. நானும் செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் கணக்குப் புத்தகத்தில், பெயர் இல்லாத ஆள்.

இடத்தை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு இருந்துவிட்டு வெளியே வந்தவன். லொறியில் கிளீனராகப் போனேன், கல் உடைத்தேன், செங்கல் சூளையில் கிடந்தேன், தெல்தோட்டையில் ஒரு வெள்ளைக்காரத் தொரையின் வேட்டை நாய்களுக்குச் சோறு வைத்தேன். அவர் சீமைக்குப் போனார், நாய்கள் ஆளுக்கொரு பக்கம் போயின, நானும் போனேன். ஓர் இடத்தில் வேலை தீர்ந்தால் சாக்கைத் தூக்குவேன். அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அதுவரை எப்போதும் தனியாகத்தான் நடந்திருக்கிறேன். இந்த முறை பின்னால் ஒரு மூச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதற்காகவே நான் நடையைக் குறைத்துக்கொண்டேன்.

நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை உடம்பு, காப்பிக்கொட்டை நிறத்தில் திட்டுகள், தொங்கும் காது. பங்களாவுக்கு வந்தபோது என் கம்பளிக்குள் அடங்கும் குட்டி. பறவை வாசம் பட்டால் முன்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். அது யாரும் கற்றுக்கொடுக்காதது. பங்களாக் குசினியில் சமையலுக்குக் கட்டிவைத்த கோழியைப் பார்த்துக்கூட அப்படி நின்று கோழியைக் கலவரப்படுத்தும். தொரை அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்தார். என் வாயில் அது நுழையவில்லை. நான் நாக்கைச் சொடுக்கிக் கூப்பிடுவேன்.

இளம் வேட்டை நாயை எப்போது காட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரு பதில் இருக்கிறது. பல் மாறி முடிந்ததும் என்பார்கள். காலைத் தூக்கி மூத்திரம் பெய்யத் தொடங்கியதும் என்பார்கள். ஒரு மழைக்காலம் பார்த்திருக்க வேண்டும் என்பார்கள். தெல்தோட்டையில் நான் பார்த்தது வேறு. அங்கே நாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொரை விசில் அடிப்பார். வாயில் இருப்பதைக்கூட விழுங்காமல் ஓடிவரும் நாய்தான் அடுத்த வாரம் காட்டுக்குப் போகும். வராத நாய் பின்கட்டிலேயே கிடக்கும். ஏன் அப்படி என்று அவர் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அப்படித்தான் நடந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இந்த நாய் வராது. தட்டில் மூக்கு வைத்துவிட்டால் நாக்கு வலிக்கச் சொடுக்கினாலும் காது ஒன்று மட்டும் அசையும்.

பங்களாவில் கடிகாரம் இருந்தது, ஆனால் அது தொரைக்கு. எங்களுக்குத் தப்பு என்ற பறைதான். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்துக்கு, ஆட்களைக் கூப்பிடத் தப்படிப்பவர் குசினிக்குக் கீழே இருந்த மேட்டில் நின்று அடிப்பார். தப்பு கேட்டதும் அப்பு, அதாவது பங்களாச் சமையல்காரர், எழுந்து அடுப்பை மூட்டுவார். அடுப்பை மூட்டும் முன் முதல் நாள் மிச்சச் சோற்றையும் எலும்பு ரசத்தையும் நாயின் தட்டில் கொட்டுவார். அடுப்படி காலியானால்தான் அவருக்குக் கை ஓடும். குட்டியாக வந்த நாளிலிருந்து அப்படியே நடந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

தொரை புதிதாகத் தோட்டம் வாங்கியவர். வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் காலம். தோட்டத்தோடு பங்களாவையும் நாற்காலி மேசைகளையும் சுவரில் மாட்டிய மான் கொம்பையும் வாங்கியிருந்தார். வேட்டைக்கு நண்பர்களைக் கூப்பிடாமல் அந்தக் கொம்புக்குக் கீழே உட்கார அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். ஒருநாள் பின்கட்டுக்கு வந்தார்.

“என்ன மேன், ஞாயிறு ஷூட்டிங் இருக்கு. நாய் கொண்டு வா.”

“இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க தொர.”

“எதுக்கு போகட்டும்? பல்லு எல்லாம் வந்திருச்சு. காலு தூக்கி எல்லா பூச்சாடியும் நனைக்குது.”

“சாப்புடுறப்ப கூப்பிட்டா வரமாட்டேங்குதுங்க.”

“சாப்பாடு வுட்டு யாரு மேன் வருவான்? நீ வருவியா?”

அப்பு குசினி வாசலில் நின்று சிரித்தார். “அவன் ஒலகமே அழிஞ்சாலும் வரமாட்டானுங்க தொர. தட்டையும் சேத்துத் தின்னுட்டுத்தான் எந்திரிப்பான்.”

“துவக்குச் சத்தம் இன்னும் கேட்டுப் பழகலீங்க” என்றேன்.

“தப்புச் சத்தம் தெனம் கேக்குது இல்ல? காதுகிட்ட அடிக்கிறான். நாய் பயப்படுதா? வாலு ஆட்டுது மேன், வாலு!”

எனக்கும் அது சரியான பேச்சாகத்தான் பட்டது. உண்மையில் அந்த நாய் தப்புச் சத்தத்துக்குப் பயந்ததே இல்லை. சத்தம் கேட்டால் சந்தோஷத்தில் குதிக்கும். அதைவிட வெடிச் சத்தம் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று நானும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து எல்லையில், வயலுக்கு மேலே இருந்த காட்டுத் துண்டில் வேட்டை. தொரையும் நண்பர்களும் துவக்கோடு கீழே வரிசையாக நின்றார்கள். நான் நாயைப் பிடித்துக்கொண்டு தொரைக்குப் பின்னால் நின்றேன். லயத்து வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்கள் மேலே ஏறிப்போய்க் காட்டைக் கலைத்து, பன்றியையும் காட்டுக்கோழியையும் கீழே விரட்ட வேண்டும். அவர்கள் கையில் தகரமும் கம்பும் இருந்தன. தப்பும் இருந்தது.

எல்லோரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். தொரை கயிற்றைக் கழற்றச் சொன்னார். நாய் அழகாக உட்கார்ந்திருந்தது. நண்பர் ஒருவர் அதைக் காட்டி ஏதோ சொன்னார், தொரையின் முகம் மலர்ந்தது. அப்போது மேலே தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். அடிப்பவருக்குத் தெரிந்தது பெரட்டுத் தாளம் ஒன்றுதான். அதையே அடித்தார்.

நாய் தலையைத் தூக்கியது. காதை ஒருமுறை உதறியது. பிறகு திரும்பி, பங்களாவைப் பார்த்து ஓடத் தொடங்கியது. துவக்கு வரிசைக்கு முன்னாலேயே, எல்லோரும் பார்க்க, வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது.

நண்பர்கள் முதலில் விளங்காமல் பார்த்தார்கள். காப்பி கொண்டுவந்து நின்ற அப்பு, வாய் தவறி, “ஐயோ, சோத்துக்குப் போவுது!” என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அந்த வரிசையில் எழுந்த சிரிப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஒருவர் துவக்கைப் புல்லில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தச் சத்தத்தில் பன்றி வேறு பக்கம் உடைத்துக்கொண்டு போய்விட்டது.

தொரை சிரிக்கவில்லை. துவக்கைத் தோளில் வைத்து நாயின் பக்கம் சுட்டார். வெறும் மிரட்டலுக்கு என்று பின்னால் சொன்னார். தூரம் அதிகம், சின்ன ரவைதான். நாய் ஒரு குட்டிக்கரணம் அடித்தது, எழுந்தது, மறுபடி ஓடியது.

நான் பங்களாவுக்கு வந்து சேர்ந்தபோது அது குசினி வாசலில் காலித் தட்டுக்குப் பக்கத்தில் நின்றது. பின்தொடையிலிருந்து ரத்தம் சிமெந்துத் தரையில் சொட்டியது. அது தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி தட்டைப் பார்த்தது. தப்படித்தும் ஏன் சோறு வரவில்லை என்பது அதற்கு விளங்கவில்லை.

ரவையை ஊசியால் கிளறி எடுத்து மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்தேன். புண் ஆறியது. மற்றது ஆறவில்லை. விடியற்காலைத் தப்புக்கு எப்போதும்போல் வந்து சாப்பிட்டது. ஆனால் யாராவது துடைப்பக்கட்டையைத் தோளுக்கு உயர்த்தினால்கூட குசினி அடுப்பு மேடைக்குக் கீழே புகுந்துகொண்டது. தூரத்து வயலில் வெடி வைத்தால் சிறுநீர் கழித்துக்கொண்டு கிடந்தது. நண்பர்கள் வரும்போதெல்லாம், “சோத்துக்குப் போற நாய் எங்கே?” என்று கேட்டார்கள். தொரை எத்தனை நாள்தான் பொறுப்பார்? வெடிக்குப் பயந்த நாய் பங்களாவில் இருக்கக் கூடாது என்று வாச்சரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நடக்கவில்லை. நடக்கும்போது நான் யோசித்தது ஒன்றுதான்: துவக்கு இல்லாத ஓர் இடம். வெடிச் சத்தமே கேட்காமல் கொஞ்சக் காலம் வைத்திருந்தால் நாய் தேறிவிடும் என்று நம்பினேன். இன்னொருமுறை பக்கத்தில் வெடித்தால் அது யாருக்கும் நாயாக இராது. எனக்கும் இராது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்றேன். நேரே போனால் மஹய்யாவ. அங்கே என் அக்காள் புருஷன் இருந்தார். படுக்க இடம் தருவார், சோறும் போடுவார். ஆனால் அவருக்கு நகரசபையில் நாய் பிடிக்கும் வண்டியில் வேலை. அந்த வீட்டுக்கு இந்த நாயோடு எப்படிப் போவது?

கடைக்காரர் பிளேன்டீயை நீட்டிக்கொண்டே நாயைப் பார்த்தார். “தொர வூட்டு நாயில்ல? ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க?”

“வேல தேடிங்க.”

“நாய்க்கா, ஒனக்கா?”

“ரெண்டு பேருக்குந்தான்.”

“நாய்க்கு பிரஜாவுரிமை இருக்கா?”

“எனக்கே இல்லீங்க.”

“அப்ப சோடிப் பொருத்தம் சரிதான்” என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் இருந்தவர்களைச் சிரிக்கவைத்தார். ஆனாலும் ஒரு பழைய பணிஸ் ரொட்டியை எடுத்து நாய்க்குப் போட்டார்.

நாய் அதை மோந்துகொண்டிருந்தபோது ரோட்டில் ஒருவர் தோளில் நீளக் கழி போட்டு, இரு பக்கமும் கீரைக் கூடை தொங்க, வந்தார். சுமையை மாற்ற அவர் கழியை உயர்த்திய கணத்தில் கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. நல்லவேளை, மறுமுனை மணிக்கட்டில் சுற்றியிருந்தது. நான் பெஞ்சோடு சேர்ந்து விழுந்தேன். தேத்தண்ணி பக்கத்து ஆளின் வேட்டியில் போனது.

கடைக்காரர் இப்போது சிரிக்கவில்லை. “என்னா தம்பி செஞ்சாங்க இதுக்கு?” என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கிளாஸ் கழுவினார். பிறகு, “அக்குறணையில ஒரு மொதலாளி கராம்புத் தோட்டத்துக்குக் காவலுக்கு ஆள் தேடுறார். இருந்தவன் போயிட்டான்” என்றார்.

“ஏன் போனான்?”

“பேச்சுத்தொணைக்கு ஆளில்லன்னு. ஒனக்கு அந்தக் கஷ்டம் இல்லையே.”

மாத்தளை ரோட்டில் திரும்பினோம். அக்குறணைக் கடைகளில் விளக்கேற்றும் நேரத்துக்கு முதலாளியைக் கண்டுபிடித்தேன். சாமான் கடை வைத்திருந்தவர், வெள்ளைத் தொப்பி, பருத்த உடம்பு. என்னைப் பார்க்கும் முன் நாயைப் பார்த்தார். பார்த்ததும் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு படி மேலே ஏறினார்.

“எங்கீந்து வார தம்பி?”

“கலகெதரைங்க மொதலாளி.”

“நாயும் ஒன்டதா?”

“என்னோடதுதாங்க.” அதுவரை எந்தப் பொருளையும் பற்றி நான் அப்படிச் சொன்னதில்லை.

“தோட்டத்துல ஈக்கட்டும், கொரக்க ஒரு நாய் வேணுந்தான். ஊட்டுப் பக்கம் மட்டும் கொண்டு வரப்படா. நனஞ்ச நாய் பட்டா எங்கட மார்க்கப்படி ஏழு தரம் கழுவோணும், அதுல ஒரு தரம் மண் போட்டு. எங்கட ஊட்டுப் பொம்புளயள் என்னயும் சேத்துக் கழுவிடுவாங்க.” பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இது வேட்ட நாயில்லயா? எனக்கிட்டயும் ஒரு துவக்கு ஈக்கிது. சுட்டாத் தூக்கிக்கொண்டு வருமா?”

நாய்க்கு நடந்ததை அவருக்கும் சொன்னேன். பக்கத்தில் துவக்கையே எடுக்கக் கூடாது என்றேன்.

“எனக்கெனத்துக்கு அது? நாய் கவ்வின கோழியக் கழுவிக் கழுவியே கோழி கரஞ்சி பெய்த்திடும். சும்மா கேட்டன். அப்ப இத எப்பதான் வெடிக்குப் பழக்கிற?”

“இப்பத்திக்கு இல்லீங்க. கூப்பிட்டா சோத்த வுட்டு வரணும், அது மொதல்ல. அதுக்கப்புறம் இது சாப்புடுறப்ப ரொம்பத் தூரத்துல ஒரு வெடி. பயப்படலன்னா கொஞ்ச நாள் விட்டு இன்னும் கொஞ்சம் கிட்ட.”

“பொண்ணு பாக்கப் போற மாதிரித்தான், தூரத்துல நின்டுகொண்டே!” என்று சிரித்தார். “சரி சரி. இண்டக்கிக் குடில்ல படு. காலம்பற வந்து தோட்டத்தக் காட்டுறன். புடிச்சா நில்லு.”

குடில் தோட்டத்து உச்சியில் இருந்தது. கராம்பு, சாதிக்காய், மரங்களில் ஏறிய மிளகு, நடுவே தென்னைகள். கீழே பிங்கா ஓயா ஆறு கல்லில் மோதிக்கொண்டு ஓடியது. பக்கத்து வீட்டு விளக்கு மரங்களுக்கு அப்பால், கூப்பிட்டாலும் கேட்காத தூரத்தில் தெரிந்தது. முன்பு இருந்தவன் ஏன் போனான் என்பது விளங்கியது. சுவரில் அவன் கரியால் ஒரு ரயில் வரைந்துவைத்திருந்தான்.

முதலாளி வீட்டிலிருந்து வாழையிலையில் கட்டிய சோறு வந்திருந்தது. பாதியை வேறோர் இலையில் போட்டு நாய்க்கு வைத்தேன். நாள் முழுக்க நடந்த நாய், பசியில் மூக்கை உள்ளே விட்டு வேகமாகத் தின்றது. நான் வாசற்கல்லில் உட்கார்ந்தேன். ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. நாக்கு தானாகச் சொடுக்கியது.

நாய் தலையைத் தூக்கியது. மூக்கில் சோறு ஒட்டியிருந்தது. இலையைப் பார்த்தது. பிறகு இலையை விட்டு எழுந்து வந்து, என் முழங்காலுக்குக் கீழே நின்றது. பாதிச் சோறு இலையிலேயே கிடந்தது.

நான் அதன் தலையில் கை வைத்தேன். நடுங்கியது, ஆனால் நகரவில்லை. “போ, தின்னு” என்றதும் திரும்பிப் போய்த் தின்றது. இன்னொருமுறை கூப்பிட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கழுத்துக் கயிற்றை அவிழ்த்துச் சாக்கில் வைத்தேன். இனி அது தேவைப்படாது என்று தோன்றியது. கம்பளியை விரித்ததும் அதன் ஓரத்தில் வந்து படுத்துக்கொண்டது. இளம் நாயை எப்போது வெளியே கொண்டுபோகலாம் என்று இன்று யாராவது கேட்டால், அந்த மாலையைத்தான் சொல்வேன். துவக்குக்கு அல்ல, பழக்கத் தொடங்குவதற்கு.

காலையில் விழித்தபோது நாய் வாசலில் வெயில் விழுந்த இடத்தில் உட்கார்ந்து காட்டுக்கோழி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்கால் ஒன்று லேசாக உயர்ந்திருந்தது. முகம் கழுவ ஓயாப் பக்கம் திரும்பினேன்.

வெடி குடிலுக்குப் பின்னாலேயே கேட்டது.

நான் திரும்பி வருவதற்குள் வாசல் காலி. ஓயாவுக்கு அந்தப் பக்கம் மாணாப் புல் ஒரு கோடாக மேலே விலகிக்கொண்டு போனது. புல்லின் உச்சி ஆடியது, பிறகு அதுவும் நின்றது. நாக்கு வறண்டு சொடுக்கே வரவில்லை. கையால் தொடையில் தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று பார்த்தால் அந்த இங்கிலீஷ் பெயரும் நினைவுக்கு வரவில்லை.

முதலாளி தென்னையடியில் துவக்கோடு நின்றார். மேலே குரங்குக் கூட்டமொன்று குரும்பட்டிகளை உதிர்த்துவிட்டுத் தாவிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“அல்லாவே! மறந்தே பெய்த்தன் தம்பி. கொரங்கக் கண்டா கை நிக்கிதில்ல. ராவெல்லாம் நெனப்பு ஈந்திச்சி, கொரங்கக் கண்டதும் பெய்த்திட்டு.” அவர் பொய் சொல்லவில்லை. துவக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

இருவரும் ஓயாவைக் கடந்து மேலே ஏறிப் பார்த்தோம். அவர் பருத்த உடம்போடு மூச்சு வாங்க ஏறினார். சேற்றில் கால் தடம் கொஞ்சத் தூரம் இருந்தது, பாறையில் போய் முடிந்தது. திரும்பி இறங்கியபோது, “நீ இனி நிக்க மாட்டாயே” என்றார்.

வேறு நாளாக இருந்தால் சாக்கைத் தூக்கியிருப்பேன். ஆனால் அந்த நாய் சோறு தின்ற கடைசி இடம் இந்தக் குடில்தான். வந்தால் இங்கேதான் வரும். நான் போய்விட்டால் அது வந்து பார்க்கக் குடில் மட்டும் இருக்கும்.

“நிக்கிறேங்க” என்றேன். “நீங்க மட்டும் துவக்க இந்தப் பக்கமே கொண்டு வராதீங்க மொதலாளி.”

“துவக்கு இல்லாம கொரங்க எப்பிடிக் கலைக்கப் போற?”

“ஒரு தகரம் குடுங்க.”

கடையிலிருந்து காலி மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். துவக்கை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். முதல் நாள் சோற்றில் மீந்ததைப் புது இலையில் போட்டு வாசலில் வைத்தேன். கராம்பு மரத்துக் கிளையில் தகரத்தைக் கட்டினேன். கம்பை எடுத்துப் பெரட்டுத் தாளத்தை அடித்தேன்.

முதலாளி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். “இது தோட்டத்துல ஆள் கூப்பிடுற அடியில்லயா? கொரங்குக்கு எனத்துக்குத் தம்பி பெரட்டு?” என்று கேட்டார். கண் வாசலில் இருந்த சோற்றிலையில் விழுந்ததும், தொப்பியைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கிப் போனார்.

குரங்குகள் முதல் அடியிலேயே போய்விட்டன. நான் நிறுத்தவில்லை.